மிஸ் யூ மிஸ்

மேடைப் படியில் கால் வைக்கும்போதே குணசுந்தரி அதைப் பார்த்துவிட்டாள். ஃப்ளெக்ஸ் தட்டியின் இடது மூலையில் அவளுடைய முகம், கம்ப்யூட்டரில் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுக்கப்பட்டு, கன்னத்து மச்சம்கூட அழிக்கப்பட்டு, யாரோ ஒரு வசதியான வீட்டு அம்மாள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தங்கநிற ஆங்கில எழுத்தில், மிஸ் யூ மிஸ். முதல் மிஸ்ஸுக்கு எஸ் இரண்டு இருந்தது. இரண்டாவது மிஸ்ஸுக்கு ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளின் நோட்டில் விட்டுப்போன எழுத்துகளைச் சிவப்பு மையால் செருகிக்கொண்டிருந்தவளை வழியனுப்புகிற தட்டியில், அவளைக் கூப்பிடுகிற வார்த்தையிலேயே ஓர் எழுத்து இல்லை. இதை யாரிடம் சொல்வது. ஸ்டாஃப் ரூமில் சொன்னால் முதலில் புரியாது, புரிந்தபிறகு சிரிப்பார்கள், மிஸ்லயே ஒரு எஸ் மிஸ்ஸிங் என்று ஆளுக்கொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள், கடைசியில் மைக்கிலும் வந்துவிடும். அவள் சொல்லவில்லை. போய் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற வெள்ளை உறை போட்ட நாற்காலி, முதுகுப்பக்கம் சிவப்பு ரிப்பன் முடிச்சு. அந்த முடிச்சு தோள்பட்டைக்குக் கீழே உறுத்தியது. மணமேடையில் உட்காராமலே அறுபதைத் தொடப்போகிறவளுக்குக் கடைசியில் பள்ளிக்கூடமே பார்த்து ஒரு கல்யாண நாற்காலி போட்டிருக்கிறது, நல்லது. கழுத்தில் பாலியஸ்டர் பொன்னாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஏப்ரல் மாசத்துக் கோவில்பட்டியில், தகரக்கூரை போட்ட அரங்கத்தில், சாயங்கால வெயில் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மனுஷிக்கு மரியாதை செய்வதென்றால் கம்பளி மாதிரி ஒன்றைப் போர்த்திவிட வேண்டும் என்று எவன் கண்டுபிடித்தானோ. நின்று சுற்றுகிற ஃபேனின் தலையைத் தாளாளர் பக்கம் திருப்பிக் கட்டிவைத்திருந்தார்கள்.

தாளாளர் குருவையா மைக்கைப் பிடித்தார். அவர் மைக்கைப் பிடித்தால் அது ஒருமுறை கத்தும், அவர் அதைக் கைதட்டல் மாதிரி எடுத்துக்கொள்வார். "நம்ம குணசுந்தரி மிஸ்ஸை இந்தப் பள்ளி ரொம்ப மிஸ் பண்ணப் போகுது," என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதில் மிஸ் இரண்டு முறை வந்துவிட்டதைத் தானே கண்டுபிடித்த சந்தோஷத்தில் நிறுத்தினார். முன்வரிசை சிரித்தது. பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள். இந்த ஊரில் இங்கிலீஷ் தெரியாதவர்களும் பேசுகிற இங்கிலீஷ் வார்த்தை அது ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டால் மிஸ். செருப்பு காணாமல் போனால் மிஸ் ஆயிருச்சு. கட்டாயம் நடக்குமென்றால் மிஸ்ஸே ஆகாது. பொருட்காட்சி ஆட்டோ தெருவில் மிஸ் பண்ணாதீர்கள், மிஸ் பண்ணாதீர்கள் என்று கத்திக்கொண்டு போகும், அந்தப் பொருட்காட்சியில் பிளாஸ்டிக் வாளி விற்கும். ஒரு மார்க்கில் ஃபெயிலானவன் ஜஸ்ட் மிஸ் என்பான். லாரி அடியில் போகாமல் தப்பித்தவனும் ஜஸ்ட் மிஸ் என்பான். ஒருவன் அழுதுகொண்டு சொல்வான், ஒருவன் சிரித்துக்கொண்டு சொல்வான், வார்த்தை அதே வார்த்தை. வெட்கமில்லாத வார்த்தை, யார் கூப்பிட்டாலும் பின்னால் போகும். அதைத்தான் இவர்கள் அவளுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும் மிஸ்தான். தாலி கட்டியவள் மிஸ், பேறுகால லீவில் போய் வந்தவள் மிஸ், பேரன் எடுத்தவளும் மிஸ். ஆனால் அவர்கள் எல்லாம் கடைசி மணி அடித்ததும் அதைச் சாக்பீஸ் தூசி மாதிரி தட்டிவிட்டுப் போய் வேறு யாராகவோ ஆகிவிடுவார்கள், அம்மாவாக, அத்தையாக, புருஷனால் ஏட்டி என்று கூப்பிடப்படுகிறவளாக. அவளுக்கு மட்டும் அது தட்டத் தட்டப் போகவில்லை. பால்காரன் மிஸ் என்றான். கேஸ் சிலிண்டர் போடுகிறவன் மிஸ் என்றான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட குருக்கள்கூட, அவரும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்தான், மிஸ் உங்க நட்சத்திரம் என்றார், பெயர் கேட்கவில்லை. சாமிக்கே அவள் மிஸ் என்றுதான் தெரிந்திருக்கும்.

முன்வரிசையில் அவளுடைய தம்பி தனபாலன் உட்கார்ந்திருந்தான். மதுரையிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்தவன், வந்ததிலிருந்து எல்லாரிடமும் பேசிவிட்டான். மடியில் செல்போன். அந்தப் போனிலிருந்து அவளுக்கு இதுவரை ஒரு முழு அழைப்பு வந்ததாக ஞாபகம் இல்லை. ஒரு மணி அடித்துக் கட் பண்ணிவிடுவான், அவள் திரும்பக் கூப்பிட வேண்டும். எவ்வளவு பேசினாலும் ஒரே காசு என்று ஆன பிறகும் விடவில்லை. மிஸ்டு கால் குடுத்தேனேக்கா என்பான், ஏதோ சீர் கொடுத்தவன் மாதிரி. பிள்ளையிலிருந்தே அப்படித்தான். பாதி கூப்பிட்டுவிட்டு மீதியை எதிராளி தலையில் கட்டுகிற சுபாவம். இப்போதும் அதைத்தான் செய்திருந்தான். அவனுடைய மாமியாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள வந்த பெண் சொல்லாமல் நின்றுவிட்டாள். அவன் மனைவி மஞ்சுளாவுக்கு இடுப்பு வலி. போன மாதம் வந்து, அவள் போட்டுக்கொடுத்த காபியை உறிஞ்சிக்கொண்டே, "ரிட்டையர் ஆனப்புறம் இங்க ஒத்தையில என்னக்கா செய்யப் போற? அங்க வந்திரு. அவகளுக்கும் ஒரு துணை, ஒனக்கும் ஒரு துணை," என்றான். பேச முடியாமல், வாயோரம் எச்சில் வடியப் படுத்திருக்கிற மஞ்சுளாவின் அம்மா அவளுக்குத் துணை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். கீழ்வீட்டுக்காரரிடம் மாடி காலியாகும் என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டான். பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள், தம்பி வீட்டைக் காலிபண்ண ஆள் சொல்லும்போது டம்ளரைக் கழுவப் போனாள். அந்த டம்ளரை அவள் ரொம்ப நேரம் கழுவினாள். இப்போது நினைத்தாலும் தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, அவன்மேல்கூட அவ்வளவு இல்லை. அவன் அப்படிப் பிறந்தவன். படித்தவள் இவளுக்கு என்ன வந்தது.

என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியும். போன கார்த்திகையில் மழைநாள் ஒன்றில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஈரத்தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். வாளிக்கு அடியில் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கத்துவதற்கு வெட்கமாக இருந்தது. கத்தினால் கீழ்வீட்டு ஆண்கள் வருவார்கள், பாவாடையோடு கிடக்கிறவளை வந்து பார்ப்பார்கள். அப்போது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு நடத்துகிற பாடம் ஞாபகம் வந்தது, அந்த நிலையில் போய் அது ஏன் வந்ததோ. மிஸ் என்கிற வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுவாள். வேட்டைக்காரன் புலியைச் சுட்டான், மிஸ் பண்ணினான். குறி தப்பியது. வியாபாரி வீட்டுக்கு வந்தபிறகுதான் பர்ஸை மிஸ் பண்ணினான். இங்கே குறியும் இல்லை, தப்பவும் இல்லை. அது இல்லை என்று அப்போதுதான் கவனித்தான், அவ்வளவுதான். ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, மிஸ், பர்ஸை யாரு சுட்டது என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது. குணசுந்தரி சிரிக்கவில்லை. அவளை வெளியே நிற்கவைத்தாள். ஈரத்தரையில் கிடக்கும்போது அந்த இரண்டாவது பொருள் மட்டும் தொண்டையில் முள் மாதிரி நின்றது. இல்லாமல் போனதைக் கவனிப்பது. யார் கவனிப்பார்கள். மதுரையில் இருப்பவனா, எத்தனை மிஸ்டு கால் கொடுத்தபிறகு. கடைசியில் கவனித்தது பள்ளிக்கூடம்தான். முதல் பீரியட் தாண்டியும் ஆள் வரவில்லை என்றதும் கணக்கு டீச்சர் அமலோற்பவம் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். வந்தவள் மெதுவாக மாடி ஏறி வந்தாளா என்றால் இல்லை, தெருவில் நின்றுகொண்டே ஏ குணா மிஸ், ஏ குணா மிஸ் என்று அலறி, தெருவையே கூட்டிவிட்டுத்தான் ஏறினாள். அவளுக்குக் குரலை இறக்கத் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இருபது வருஷமாக, செத்துப்போன புருஷனைப் பற்றியும் கனடாவில் இருக்கிற மகனைப் பற்றியும் அந்தக் குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குக் கன்னத்து ஈரத்தைத் துடைத்துவிடும்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் அவளைத் தேடாது. முதல் பீரியட் தாண்டினாலும் ரெண்டாவது பீரியட் தாண்டினாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்தப் பயம்தான் டம்ளரைக் கழுவவைத்தது. மாமியாரின் எச்சிலைத் துடைத்தாலும் பரவாயில்லை, வீட்டில் நாலு பேர் நடமாட்டம் இருக்கும், விழுந்தால் சத்தம் கேட்கும் என்று புத்தி கணக்குப் போட்டது. எவ்வளவு அற்பமான கணக்கு.

தாளாளர் இன்னும் முடிக்கவில்லை. குணசுந்தரி மிஸ் ஒரு மெழுகுவர்த்தி என்றார். அடுத்து ஏணி வரும் என்று நினைத்தாள், வந்தது. ஏணிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் அவள் வலதுபக்கம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். தாளாளரின் காலி நாற்காலியைத் தாண்டி, சிறப்பு விருந்தினர் சௌந்தரபாண்டியன். பாத்திரக்கடை முதலாளி. பேரன் இங்கே யு.கே.ஜி. படிக்கிறான் என்பதற்காகவும், வராந்தாவில் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின் ஒன்றை வாங்கி வைத்து அதன்மேல் தன் அப்பா பெயரை எழுதிவைத்திருக்கிறார் என்பதற்காகவும் சிறப்பு விருந்தினர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் தெரிகிற மாதிரி பேனா. எழுதுகிற வேலை அந்தப் பேனாவுக்குக் கிடையாது. மெல்லிய மீசையில் சாயம் மேலுதடுவரை இறங்கியிருந்தது. இந்த ஆளையா. இதைத்தான் அவளால் எப்போதும் தாண்ட முடியவில்லை, இந்த ஆளையா என்பதை. இருபத்தைந்து வயதில், இரண்டு பேரும் ஒரே டுட்டோரியலில் பாடம் எடுத்தார்கள், அவள் இங்கிலீஷ், அவன் காமர்ஸ். வகுப்பு விட்டதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடப்பான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பான், அந்தச் சைக்கிள் செயின் டக்டக்கென்று அடித்துக்கொண்டே வரும். தை பிறந்ததும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வருவதாகச் சொன்னான், நாளும் சொன்னான். அம்மா கேசரி கிண்டினாள், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவி வைத்தாள். அவள் பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு உள்ரூமில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் சைக்கிள் போகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் காது நீண்டது. விளக்கு வைத்தபிறகு அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். யாரும் வரவில்லை. மறுநாள் டுட்டோரியலுக்கும் அவன் வரவில்லை. மாமன் மகளைக் கட்டிக்கொண்டு மாமன் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அத்தோடு முடிந்திருந்தால் அவள் அவனை மறந்திருப்பாள், நிஜமாகவே மறந்திருப்பாள், அவ்வளவு பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த வருஷம், மார்க்கெட் ரோட்டில், அவன் புதுப்பெண்டாட்டி வளையல் கடையில் குனிந்து வளையலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், கீரைக்கட்டோடு நின்றிருந்த அவள் பக்கமாக ஓரடி நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "உங்களை ரொம்ப... மிஸ் பண்ணிட்டேங்க," என்றான்.

அந்த வாக்கியத்தோடுதான் அவள் குடும்பம் நடத்தினாள். எத்தனை ராத்திரிகள் அதைப் பிரித்துப் போட்டுச் சேர்த்திருப்பாள். தமிழில் சொல்லியிருந்தால் அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவறவிட்டுட்டேன் என்றிருந்தால் தப்பு அவன்மேல் விழும். நீங்க இல்லாம தவிக்கேன் என்றிருந்தால் பக்கத்தில் குனிந்திருக்கிறவள் நிமிர்ந்திருப்பாள். தப்பிச்சேன் என்றிருந்தால், மிஸ்ஸுக்கு அகராதியில் அந்தப் பொருளும் உண்டு, மயிரிழையில் மோதாமல் போவது, அப்படியென்றால் அவள் கீரைக்கட்டை அவன் முகத்தில் அடித்திருக்கலாம். அவன் கெட்டிக்காரன், ஒன்றையும் சொல்லாமல் ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்குள் பொருள் வைக்கிற வேலை அவளுடையது. அவளும் வைத்தாள். வைக்க வைக்க அது வாங்கிக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்குக் கேட்டு வந்த இரண்டு மூன்று இடங்களை, மூக்கு சரியில்லை, இங்கிலீஷ் சரியில்லை என்று அவள் கழித்துக்கட்டியபோதெல்லாம் அந்த 'ரொம்ப'வுக்குப் பின்னால் அவன் விட்ட இடைவெளி காதில் இருந்தது. அந்த இடைவெளியில் என்ன இருந்தது. ஒரு துக்கம் இருந்தது என்றுதான் வைத்துக்கொண்டாள். வார்த்தையில் இல்லாவிட்டாலும் இடைவெளியில் இருந்தது. பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை இப்படி இரண்டு அர்த்தம் வருகிற மாதிரி எழுதினால் அதைச் சுற்றி வட்டம் போட்டு மார்க்கைக் குறைக்கிறவள், தன் வாழ்க்கையில் ஒரு காமர்ஸ்காரன் எழுதிய அரைகுறை வாக்கியத்துக்கு முழு மார்க் போட்டு வைத்திருந்தாள். கேவலம். இதை வேறொருத்தி செய்திருந்தால் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவளை உரித்து உப்பு வைத்திருப்பாள்.

தாளாளர் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே ஆறாம் வகுப்புப் பெண்கள் டான்ஸுக்கு வரிசையாக நின்றார்கள், பாட்டுப்பெட்டி வேலை செய்யவில்லை, ஒயரை யாரோ பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் சௌந்தரபாண்டியன் தாளாளர் பக்கமாகச் சாய்ந்தார். "காலையில நம்ம சம்பந்தி வீட்டுல காதுகுத்து. நீங்க வரலையே," என்றார். தாளாளர் ஏதோ சாக்குச் சொன்னார். "போளி போட்டிருந்தாக. நெய்யில அப்படியே மெதந்துச்சு. பாக்கத்தான் முடிஞ்சது எனக்கு. சுகர் வந்ததுலேர்ந்து..." இங்கே குரல் தாழ்ந்தது. அந்தத் தாழ்வு குணசுந்தரிக்குத் தெரியும், உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். "போளியை ரொம்ப... மிஸ் பண்ணிட்டேங்க," என்றார் அவர். அதே ரொம்ப. அதற்குப் பின்னால் அதே இடைவெளி, அதே நீளம், அதே துக்கம். ஒரு மாற்றம் இல்லை. தாளாளர் உச்சுக்கொட்டினார். பாட்டுப்பெட்டி சட்டென்று உயிர்பெற்று அலறியது, பிள்ளைகள் கையைத் தூக்கி ஆட ஆரம்பித்தார்கள்.

குணசுந்தரிக்கு முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு பிள்ளையின் ஜரிகைப் பாவாடை நாடா அவிழ்ந்து தொங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது. போளி. போளிக்கும் அதே குரல்தான். ஒருவேளை அவர் குரலே அவ்வளவுதானோ, கைக்கு எட்டாமல் போன எதைப் பற்றிச் சொன்னாலும் அப்படித்தான் இறங்குமோ, பழைய ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னாலும், உடைந்துபோன மூக்குக்கண்ணாடியைப் பற்றிச் சொன்னாலும். அந்த இடைவெளியில் ஒன்றும் இருக்கவில்லை. அது அவர் மூச்சு வாங்கிக்கொள்கிற இடம். அவ்வளவுதான். அதற்குள் ஒரு வீடு கட்டி, பாலும் காய்ச்சி, தனியாகக் குடியிருந்திருக்கிறாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். வந்தது சிரிப்பு. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள், தோள் குலுங்கியது, பொன்னாடைகள் சரிந்தன. முன்வரிசையில் இரண்டொருவர் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மிஸ் அழுறாக என்று பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மனிதரைப் பார்த்தாள், இந்தத் தடவை தலையையே திருப்பிப் பார்த்தாள். மீசைச் சாயம், பேனா, சுகர். பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக அந்த மூச்சு வாங்கலைக் கேட்டுக்கொண்டிருக்கும், அன்றைக்கு வளையல்கடையில் குனிந்திருந்த அந்தப் பெண்டாட்டியை நினைத்துப் பாவமாக இருந்தது, அவளும் இந்நேரம் கெட்டிக்காரியாகி அதைக் காதில் வாங்குவதை விட்டிருப்பாள். ஜஸ்ட் மிஸ் என்று குணசுந்தரி உள்ளே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷமும் அதை ஒரு மார்க்கில் போன ஜஸ்ட் மிஸ் என்று நினைத்திருந்தாள். அது லாரியில் மாட்டாமல் தப்பித்தது.

டான்ஸ் முடிந்து சௌந்தரபாண்டியன் பேசினார். கல்விச் செல்வம் என்றார், தண்ணீர் மிஷினின் விலையைச் சொல்லாமல் சொன்னார், இங்கிலீஷ் மொழியைக் குணசுந்தரி மிஸ் மாதிரி உச்சரிக்க ஆள் கிடையாது என்றார், ரொம்ப என்று சொல்லி நிறுத்தினார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கினார். மிஸ் பண்ணுவோம் என்றார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு காது வழியாகப் போய் இன்னொரு காது வழியாக வந்தது. பிறகு தாளாளர் எழுந்து, இன்னொரு சந்தோஷமான செய்தி என்றார், தம்பி தனபாலன் விழாவுக்கு முன்னால் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். "மிஸ் இனிமே மதுரையில தம்பி குடும்பத்தோட நிம்மதியா இருக்கப் போறாங்க. கவலையில்லாத வாழ்க்கை. கைதட்டுங்க," என்றார். கைதட்டினார்கள். தனபாலன் பாதி எழுந்து கும்பிட்டான். அவன் முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனம் வந்து உட்கார்ந்திருந்தது. அக்காவைக் கைவிடாத தம்பி. அந்தக் கும்பிடு அவளுக்குப் பொறுக்கவில்லை. எச்சில் துடைக்கக் கூட்டிப் போகிறவன் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போகிறான். அடுத்து ஏற்புரை என்றார்கள். மைக் அவள் கைக்கு வந்தது, தாளாளரின் உள்ளங்கை ஈரத்தோடு.

வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு ஏற்புரை தயார்பண்ணியிருந்தாள். நல்ல ஆங்கிலம். அது இப்போது வாய்க்குள் பழைய காகிதம் மாதிரி கிடந்தது. கீழே வரிசை வரிசையாக முகங்கள். பொங்கல் தூக்குவாளி வரும் நேரமாகிவிட்டதால் பாதி முகங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாடி வீடு ஞாபகம் வந்தது, குளியலறையின் ஈரத்தரை, எறும்பு வரிசை, பயம் அப்படியேதான் இருந்தது, சிரித்ததனால் அது ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் இப்போது கொஞ்சம் இடம் இருந்தது, எதையோ காலிபண்ணிய அறை மாதிரி.

"எல்லாரும் மிஸ் பண்ணுவோம், மிஸ் பண்ணுவோம்னு சொன்னீங்க," என்றாள் தமிழில். மைக்கில் தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "அது தேவைப்படாது. நான் எங்கயும் போகல. வள்ளுவர் தெருவுல, அதே மாடியிலதான் இருக்கேன். மதுரைக்குப் போறதா என் தம்பி சொல்லியிருக்கான். அது அவன் ஆசை. எங்கிட்ட கேக்கல. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். இப்பச் சொல்லுதேன்." நிறுத்தினாள். ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. "தட்டியில மிஸ்ஸுக்கு ரெண்டு எஸ் வரும். நன்றி."

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒற்றை ஆள் படபடவென்று தட்டுகிற சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அமலோற்பவம். பிறகு பிள்ளைகள் தட்டினார்கள். தனபாலன் இடம் வலம் பார்த்து ஒரு சிரிப்பைப் பரப்பினான், அக்கா வேடிக்கையாகப் பேசுகிறாள் என்பதுபோல. மேடையிலிருந்து அவள் இறங்கியதும் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "என்னக்கா இது, சபையில வச்சு? வண்டிக்குச் சொல்லியாச்சு. கீழ்வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு."

"நீதானே சொன்ன. நீயே போய் மாத்திச் சொல்லு."

"மஞ்சுளா என்ன நெனப்பா? அத்தைக்கு அங்க ஆள் இல்லாம எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"தெரியும். சம்பளத்துக்கு ஆள் பாரு."

"விழுந்து கெடந்தியே, ஞாபகம் இருக்கா? நாளைக்கு ஒண்ணுன்னா யாருக்காவது தெரியுமா?" என்றான். அவன் வாழ்க்கையிலேயே சரியாகக் குறிபார்த்துக் கேட்ட ஒரே கேள்வி அது. அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் நெற்றி, அம்மாவின் மோவாய், நடுவில் இந்த ஆள். பிடித்திருந்த கையை விலக்கி, கழுத்திலிருந்த பொன்னாடைகளை எல்லாம் உருவி அவன் கையில் கொடுத்தாள். "இதை மஞ்சுளாவோட அம்மாவுக்குக் கொண்டு போ. விரிச்சுப் போட உதவும்," என்றாள். அவன் அவற்றை வாங்கிக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கும் வரவில்லை. குடும்பத்துக்கே அது வராது போலிருக்கிறது.

வராந்தாவில் இலைத்தட்டில் பொங்கலும் கேசரியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவம் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு இரண்டு தட்டோடு வந்தாள், ஒன்றை அவள் கையில் திணித்தாள். "அப்ப நெசமாவே போகலையா குணா மிஸ்? நான் கர்த்தர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். எம்மவன்கிட்டகூட நேத்து சொன்னேன், எனக்குன்னு சண்டை போட ஒரு ஆள் இருந்துச்சு, அதுவும் மதுரைக்குப் போகுதுன்னு." வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் அப்படியே இருந்தது. மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல வாயெடுத்த குணசுந்தரி வேறொன்றைச் சொன்னாள்.

"மிஸ், காலையில எந்திரிச்சதும் எனக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. தினமும் போடுங்க. நான் எடுக்கலைன்னா வீட்டுக்கு வாங்க. கீழ்வீட்டுல ஒரு சாவி குடுத்து வைக்கேன்."

அமலோற்பவம் கேசரியை வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவள் குரல் இறங்கியது. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை.

"ஒருநாள் நான் போன் போடலைன்னா?"

"நான் வாரேன்," என்றாள் குணசுந்தரி.